கழிவுத் தாங்கி அடைத்துக்கொண்டால்...

பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்காக மூடப்பட்டதும் இலண்டன் வாழ் எம்மவர் குடும்பங்கள் பல இப்போது வண்டியெடுத்துப் புறப்பட்டுவிடுகின்றன. ஒரு காலத்தில் விடுமுறை என்றால் ஜேர்மனியிலோ பிரான்சிலோ உள்ள உறவினர் வீட்டுக்குச் சென்று, நிலத்தில் பாய் விரித்துப் படுத்துத் திரும்புவதாகவே இருந்தது. இன்று படுக்கை, அடுப்பு, மலசலகூடம் யாவும் ஒருங்கே அமைந்த காம்பர் வானை வாடகைக்குப் பெற்றோ, பழையதொன்றைக் கைமாறாக வாங்கியோ வேல்சுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் செல்லும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சிதான். ஆயினும், இவ்வண்டிகளைப் பற்றி நம்மவர் கூடிப் பேசும் இடங்களில் ஒரு விடயம் மட்டும் பேசப்படுவதில்லை. எத்தனை பேர் படுக்கலாம், எவ்வளவு டீசல் குடிக்கும், சோறு ஆக்க அடுப்புப் போதுமா என்றெல்லாம் கேட்பார்கள். அடித்தளத்தில் தொங்கும் கழிவுத் தாங்கியைப் பற்றிக் கேட்பாரில்லை. அது அடைத்துக்கொண்ட பின்னரே கேட்கிறார்கள்.

அவ்வாறு கேட்ட ஒருவரின் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். ஈஸ்ற்ஹாம் வாசகர் ஒருவர் அமெரிக்கத் தயாரிப்பான பழைய வீட்டு வண்டியொன்றை வாங்கியிருக்கிறார். கழிவுத் தாங்கியின் உட்புறத்தைக் கழுவுவதற்கென உள்ள அமைப்பினுள் நீர் செல்லவில்லை. ஹோஸ் பைப் விறைத்து நிற்கிறது. என்ன செய்யலாம் என்பது அவரது வினா. "இதையெல்லாம் பேப்பரில் எழுதலாமோ தெரியாது, சேர்" என்று தயங்கியபடியே கேட்டார். எழுதலாம் என்பது மட்டுமன்று, எழுதவேண்டும் என்பதே எமது விடை. ஏனெனில் இது ஒரு குழாயின் அடைப்பைப் பற்றிய வினாவாகத் தொடங்கினாலும், குடிநீரின் தூய்மையையும் மனிதரின் மானத்தையும் தொட்டே முடிகிறது.

இருவகை அமைப்புகள்

பிரித்தானியாவில் நாம் காணும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இழுத்தெடுக்கும் பெட்டி வகை. மலசலகூடத்தின் கீழே 20 லீற்றர் அளவு கொள்ளும் பிளாஸ்ரிக் பெட்டியொன்று இருக்கும். வண்டியின் வெளிப்புறக் கதவைத் திறந்து அதை இழுத்தெடுத்து, உரிய இடத்தில் ஊற்றிக் கழுவி மீண்டும் பொருத்தவேண்டும். நிறைந்துவிட்டால் ஏறக்குறைய 20 கிலோ நிறையுடையது என்பதால், முக்கால் பங்கு நிரம்பியதுமே வெறுமையாக்குவது முதுகுக்கு நல்லது.

மற்றையது நிலைத் தாங்கி வகை. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் இதுவே. வண்டியின் அடியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட பெரிய தாங்கி. அதன் வாயில் இழுத்துத் திறக்கும் கதவு வால்வு. தாங்கியை வெறுமையாக்கிய பின் சுவரில் ஒட்டியிருப்பதைக் கழுவுவதற்காக, வெளியிலிருந்து ஹோஸ் பைப் பொருத்தும் வாயொன்று வண்டியின் பக்கவாட்டில் இருக்கும். அவ்வாயிலிருந்து செல்லும் சிறு குழாய் மலசலகூடச் சுவரின் பின்னால் மேலேறி, அங்கு ஒரு காற்றுத்தடுப்பு வால்வைக் கடந்து, பின் கீழிறங்கித் தாங்கியின் உள்ளே இருக்கும் தெளிமுனையில் முடிகிறது. குழாய் ஏன் வீணாக மேலேறி இறங்குகிறது என்று சிலர் நினைக்கக்கூடும். அது வீணன்று. ஊர்க்குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால் தாங்கியிலுள்ளது பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீரில் கலந்துவிடாமல் காப்பதற்காகவே அந்த ஏற்றமும் வால்வும் அமைக்கப்பட்டுள்ளன.

அடைப்பு ஏன் உண்டாகிறது?

முதற் காரணம் சுண்ணாம்பு. இலண்டனின் குழாய்நீர் கடினநீர். சுண்ணக்கல் நிலத்தினூடாக வந்து சேர்வது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவே தெளிமுனையின் நுண்துளைகளையும் மூடுகிறது. யாழ்ப்பாணத்து நன்னீர்க் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அங்கும் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அங்கும் பானையில் படிவு. இரண்டாவது காரணம், தெளிமுனையின் மேல் காய்ந்து இறுகிய கழிவும் கடதாசியும். மூன்றாவது, வாயிலோ சுவரின் பின்னாலோ உள்ள பிளாஸ்ரிக் வால்வு ஒட்டிக்கொள்வது. நான்காவது பனிக்காலம். குழாயினுள் தங்கிய நீர் உறைந்து விரிந்தால் வால்வு வெடிக்கும். கோடையில் முதன்முறை நீர் விடும்போதுதான் அது தெரியவரும்.

படிப்படியாகத் தேடுதல்

பழுது தேடுவதில் ஒரு பொதுவிதி உண்டு. பாதையை இரண்டாகப் பிரித்து, நீர் எதுவரை வருகிறது என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றுபவர் எது பழுதென்பதை அறியமாட்டார்.

முதலில் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கழிவு ஊற்றும் இடத்தில் வண்டியை நிறுத்தித் தாங்கியை முற்றாக வெறுமையாக்குங்கள். வெளியேற்றும் வால்வு திறந்தபடியே இருக்கட்டும். வேலை முடியும் வரை அதை மூடக்கூடாது.

அடுத்து, ஹோஸ் பைப்பை வண்டியிலிருந்து கழற்றி நீர் விட்டுப் பாருங்கள். பைப் மடிந்திருக்கலாம், அதன் முனையிலுள்ள றப்பர் வளையத்தின் சல்லடையில் மணல் அடைத்திருக்கலாம். பைப்பில் நீர் நன்கு வருமானால் குற்றம் வண்டியினுள்ளே இருக்கிறது.

இப்போது பைப்பைப் பொருத்தி நீரை மெல்லத் திறந்து கவனியுங்கள். பைப் விறைத்து, தாங்கியினுள் ஓசையே கேட்காவிடில் வழி முற்றாக அடைபட்டுள்ளது. நீர் ஓடுகிறது, ஆனால் மலசலகூடச் சுவரின் அடியில் கசிகிறது என்றால் காற்றுத்தடுப்பு வால்வு வெடித்துள்ளது. நீரை உடனே நிறுத்தி வால்வை மாற்றுவதே வழி. நீர் தாங்கியினுள் சென்று வெளியேயும் வருகிறது, ஆனால் தாங்கி சுத்தமாகவில்லை என்றால் தெளிமுனையின் துளைகளிற் சில மட்டும் மூடியுள்ளன.

முற்றாக அடைபட்டிருந்தால், வாயிலுள்ள ஒருவழி வால்வைக் கழற்றி, அதைத் தனியே ஹோஸ் பைப்பின் முனையில் பிடித்து நீர் விடுங்கள். நீர் புகவில்லையெனில் குற்றவாளி அதுவே. புதியது வாங்கிப் பொருத்துங்கள். பழையதைத் துளைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்றோ, வால்வே இல்லாமல் விடலாம் என்றோ எண்ணவேண்டாம்.

வால்வில் குறையில்லையெனில் மலசலகூடச் சுவரின் பலகையைக் கழற்றிக் காற்றுத்தடுப்பு வால்வைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து தாங்கிக்கு இறங்கும் குழாயைக் கழற்றி, வால்வின் வாய்க்கு ஒரு வாளியைப் பிடித்து, ஒருவரைக் கொண்டு நீரைச் சிறிது திறக்கச் செய்யுங்கள். வாளியில் நீர் விழுந்தால் அதுவரையுள்ள பாதை நலமே. மீதமிருப்பது தெளிமுனை ஒன்றுதான்.

தெளிமுனை சில வண்டிகளில் தாங்கியின் வெளிச்சுவரில் திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றி இளஞ்சூடான வெள்ளை வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டு, துளைகளை ஈர்க்கினாலோ பற்குச்சியாலோ குத்தித் துப்புரவாக்கலாம். இரும்புக் கம்பி துளையைப் பெருப்பித்துவிடும். பின்னர் நீர் சீறாது, ஒழுகும். தெளிமுனை கைக்கெட்டாத இடத்தில் இருந்தால், கழற்றிய குழாயில் புனல் வைத்து வினாகிரியை ஊற்றுங்கள். அடைப்பு இருப்பதனாலேயே அது உள்ளே தங்கி நின்று வேலை செய்யும். மறுநாள் குழாயைப் பூட்டி நீர் விடுங்கள். ஒருமுறையில் தீராவிடில் இரண்டு, மூன்று முறை செய்யலாம். வினாகிரியிலுள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கரியமில வாயுவாக வெளியேற்றுகிறது. பொறுமையே இங்கு கருவி.

அதற்கும் இணங்காத தெளிமுனையை மாற்றவேண்டும். அதுவரை, மலசலகூடத்தின் வாயினூடாக நீண்ட தெளிகோல் ஒன்றை உள்ளே விட்டுத் தாங்கியைக் கழுவலாம்.

இழுத்தெடுக்கும் பெட்டி வகையில் அடைப்பு பெரும்பாலும் மேலே, கோப்பையைக் கழுவும் நீரில் ஏற்படுகிறது. நீர்த்தாங்கியில் நீர் உண்டா, மின்காப்பு உருகியிருக்கிறதா, பம்பி ஓசை எழுப்புகிறதா என்று அந்த ஒழுங்கிற் பாருங்கள். பம்பி ஓசையெழுப்பியும் நீர் வரவில்லையெனில் சல்லடையிலோ கோப்பையின் விளிம்புத் துளையிலோ படிவு இருக்கும். இவ்வகையில் றப்பர் வளையங்களே உயிர்நாடி. வினாகிரியும் வெளிற்றும் திரவங்களும் அவற்றைக் கெடுக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளர் கூறும் துப்புரவுத் திரவத்தையே பயன்படுத்துவது நல்லது. வளையம் உலர்ந்திருந்தால் சிலிக்கன் எண்ணெய் தடவலாம். சமையல் எண்ணெயோ வசலினோ ஆகாது.

செய்யக்கூடாதவை

வினாகிரியையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு எழும். மூடிய வண்டியினுள் அது உயிராபத்து.

வெளியேற்றும் வால்வை மூடிவைத்து, நீரைத் திறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். நிமிடத்துக்கு 10 லீற்றர் நீர் புகுமானால் 150 லீற்றர்த் தாங்கி 15 நிமிடத்தில் நிரம்பும். அதன்பின் அது மலசலகூட வாயினூடாக வண்டிக்குள் ஏறிவரும். அன்றேல் தாங்கியே பிளக்கும்.

அடைப்பை உடைப்பதற்கென அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். 3 பார் அளவே போதுமானது. அதற்கு மேல் உடைவது அடைப்பன்று, குழாய்.

தாங்கியின் வாயருகே முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். தீக்குச்சி, சிகரெற் வேண்டவே வேண்டாம். அழுகும் கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு நச்சுவாயு. மெதேன் தீப்பற்றும் வாயு.

எல்லாவற்றிலும் முக்கியமானது: குடிநீர் நிரப்பும் ஹோஸ் பைப்பைக் கழிவுத் தாங்கிக்குப் பயன்படுத்தாதீர்கள். இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டு நீர்வழங்கற் பொருத்துகள் ஒழுங்குவிதிகள் நீரை அதன் ஆபத்துக்கேற்ப ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றன. மனிதக் கழிவு கலந்தது ஐந்தாம் வகை, அதாவது மிகக் கொடியது. அதற்கும் குடிநீர்க் குழாய்க்கும் இடையே வெற்றுக் காற்று இடைவெளி இருக்கவேண்டும் என்பதே விதியின் அடிப்படை. சிறு பிளாஸ்ரிக் வால்வொன்றை நம்பிக் குடிநீர்க் குழாயில் கழிவுத் தாங்கியை இணைப்பது, அடுத்த வண்டிக் குழந்தையின் தண்ணீர்ப் போத்தலில் விளையாடுவதாகும். முகாமிடங்களில் கழிவு ஊற்றும் இடத்தில், குடிப்பதற்கன்று என்று குறித்த தனிக்குழாய் இருக்கும். அதுவே உங்களுக்குரியது.

எங்கே ஊற்றுவது?

தெருவோர இரும்புச் சல்லடையினுள் இரவோடிரவாக ஊற்றிவிட்டு வருவோர் உண்டென அறிகிறோம். அச்சல்லடைகள் எல்லாம் மலக்குழாயிற் சேர்கின்றன என்ற தவறான எண்ணமே காரணம். நகரின் மையப் பகுதியில் மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடுவது உண்மை. ஆனால் எம்மவர் செறிந்து வாழும் புறநகர்களில் மழைநீருக்குத் தனிக்குழாய். அது நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் செல்கிறது. ஹாரோவிலிருந்து வரும் வீல்ட்ஸ்ரோன் ஓடை வெம்பிளியில் பிறென்ற் ஆற்றில் கலக்கிறது. தெருச் சல்லடையில் ஊற்றியது பிள்ளைகள் விளையாடும் பூங்காவின் ஓடையில் வந்து நிற்கும்.

இந்நகரம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 1848, 1849ஆம் ஆண்டுகளின் வாந்திபேதியில் இலண்டனில் 14,000 பேருக்கு மேல் மாண்டனர். 1854இல் சோஹோவின் புறோட் வீதியில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தபோது, மருத்துவர் ஜோன் ஸ்னோ இறந்தோரின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்கள் ஒரே நீர்ப்பம்பியிற் குடித்தவர்கள் என்று காட்டினார். செப்ரெம்பர் 8ஆம் நாள் அப்பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. அக்கிணற்றுக்குச் சில அடிகள் தள்ளி, ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தினுள்ளேயே புகுந்த பின்னர்தான் சட்டம் விரைந்து நிறைவேறியது. பொறியியலாளர் ஜோசப் பஸல்ஜெற் 82 மைல் நீளமான பெருங்கழிவுக் குழாய்களை நிலத்தடியில் அமைத்தார். 1865இல் திறக்கப்பட்ட குறொஸ்னெஸ் நீரேற்று நிலையம், இன்று காம்பர் வான்கள் தங்கும் அபிவூட் முகாமிடத்துக்கு அண்மையிலேயே இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம். 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, அது மிகக் கொடுமையாகத் தாக்கியது புதிய அமைப்பு இன்னும் முழுமையாக இணைக்கப்படாதிருந்த கிழக்கு இலண்டனையே.

அக்குழாய்களும் அடைத்துக்கொள்கின்றன. 2017இல் வைற்சப்பலில் நிலத்தடிக் குழாயொன்றில் 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையும் கொண்ட கொழுப்புக் கட்டி காணப்பட்டது. சமையல் எண்ணெயும் ஈரத் துடைதாள்களும் சேர்ந்து இறுகியது அது. ஆகவே வண்டியின் தாங்கியிலும் சரி, வீட்டிலும் சரி, வடை பொரித்த எண்ணெயும் ஈரத் துடைதாளும் மலசலகூடத்துக்குரியவை அல்ல. 25 கிலோமீற்றர் நீளமான புதிய தேம்ஸ் சுரங்கக் குழாய் 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டுள்ளது. எத்தனை பெரிய குழாய் அமைத்தாலும், அதன் தொடக்கம் எமது கையிலேயே இருக்கிறது.

எமது கிணறுகள்

யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. அதுவே கிணறு; அதுவே குடிநீர். அதே வெடிப்புகளினூடாகவே மலக்குழிக் கசிவும், தோட்டத்து உரமும் இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என எல்லை வகுத்துள்ளது. குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை காட்டியுள்ளனர். காணிகள் துண்டாடப்படத் துண்டாடப்பட, கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரம் குறுகுகிறது. ஊரில் புதுவீடு கட்டப் பணம் அனுப்பும் எம்மவர், மாபிள் பதித்த மண்டபத்தைப் பற்றி விசாரிப்பதுபோல் மலக்குழி எங்கே வெட்டப்படுகிறது, அதன் அடியும் சுவரும் கசியாதபடி கட்டப்படுகின்றனவா என்றும் விசாரிக்கவேண்டும். புறோட் வீதியின் கதை ஊர்க்கிணற்றடிக்கும் உரியதே.

யார் வெறுமையாக்குவது?

முகாமிடத்தில் வண்டி நின்றதும் எழும் வினா இது. தந்தை தாயைப் பார்க்கிறார். தாய் மகனைப் பார்க்கிறார். பேத்தியோ கையுறையை மாட்டிக்கொண்டு தானே பெட்டியை இழுக்கிறாள். "விடு பிள்ளை, அது நாங்கள் செய்யிற வேலை இல்லை" என்கிறார் அம்மம்மா. அந்த "நாங்கள்" என்ற சொல்லை எண்ணிப் பார்க்கவேண்டும்.

எமது பெற்றோர் தலைமுறையில் நகரங்களில் வாளிக் கக்கூசு இருந்தது. விடியுமுன் வந்து அவ்வாளியை எடுத்துச் சென்றவர்கள் யார், அவர்கள் எவ்வழியால் வந்தார்கள், எந்தப் படலைக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை என்பதெல்லாம் மூத்தோருக்குத் தெரியும். அசுத்தம் எமது, அதைச் சுமந்த இழிவோ அவர்களது என்று ஆக்கிவைத்திருந்தோம். அண்டை நாட்டில் அக்கொடுமை இன்னும் முடியவில்லை. கையால் மலம் அள்ளுவிப்பதை இந்தியா 1993இல் ஒரு சட்டத்தாலும் 2013இல் மேலும் விரிவான சட்டத்தாலும் தடைசெய்தது. குழிகளில் இறங்கி மாண்டவர்களின் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபா வழங்கவேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. நாம் மேலே எச்சரித்த அதே நச்சுவாயுதான், எச்சரிக்க எவருமின்றி இறக்கிவிடப்படும் அம்மனிதர்களைக் கொல்கிறது.

இந்நாட்டில் மருத்துவரும் கணக்காளரும் ஓட்டுநரும் முகாமிடத்தில் ஒரே வரிசையில், கையில் தத்தம் பெட்டியுடன் நிற்கிறார்கள். எவரும் எவரையும் இழிவாகப் பார்ப்பதில்லை. முறை வரும்வரை காலநிலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். புலம்பெயர்ந்து வந்து நாம் கற்றவை பல. கற்றும் ஏற்கத் தயங்குபவற்றில் இதுவும் ஒன்று. தன் கழிவைத் தானே அகற்றுவதில் இழிவில்லை. அதைப் பிறர் தலையில் ஏற்றியதிலேயே இழிவு இருந்தது.

ஆகவே இவ்வாண்டு புறப்படுமுன் சிலவற்றை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். கழிவுத் தாங்கிக்கெனத் தனி ஹோஸ் பைப் ஒன்றை வாங்கிச் சிவப்பு நாடா சுற்றி, குடிநீர்ப் பைப்பிலிருந்து வேறாக வையுங்கள். விரைவிற் கரையும் கடதாசியையே வையுங்கள். தாங்கியை வெறுமையாக்கிய ஒவ்வொரு முறையும் சிறிது நீரை உள்ளே விட்டுவையுங்கள். நிலைத் தாங்கியின் வால்வைத் திறந்தபடி விட்டால் நீர் ஓடிவிட, திண்மம் குவிந்து இறுகும். கோடை முடிந்து வண்டியை நிறுத்தும்போது குழாய்களிலுள்ள நீரை முற்றாக வடித்துவிடுங்கள். இறுதியாக, வெறுமையாக்கும் முறைப்பட்டியல் ஒன்றை எழுதி வண்டிக் கதவில் ஒட்டுங்கள். அதில் வீட்டிலுள்ள எல்லோரது பெயரும் இருக்கட்டும். முதற் பெயர் குடும்பத் தலைவருடையதாக இருப்பின் மற்றையோர் தயங்கமாட்டார்கள்.